சிற்றூரும் பேரூரும்

மும்பையிலிருந்து சென்னைக்குச் செல்லும் ரயில் குண்டக்கல், கடப்பை வழியாக இரவெல்லாம் ஓடி, பொழுது புலர்ந்தபின் ரேணிகுண்டா ஜங்ஷனில் வந்து நிற்கும். வடக்கே வாழும் தமிழர் பலருக்கு அந்த நிலையம் நன்கு பழக்கமானது. அதுவரை போர்வைக்குள் முடங்கிக் கிடந்தவர்கள் எழுந்து, ஜன்னலைத் திறந்து, "ஊர் வந்துவிட்டது" என்பார்கள். உண்மையில் ஊர் வந்துவிடவில்லை. தமிழ்நாட்டு எல்லைக்கு இன்னும் நகரியைத் தாண்டியாக வேண்டும். ஆயினும் காபி விற்பவன் இந்தப் பெட்டியில் தமிழில் விலை சொல்கிறான். அடுத்த பெட்டியில் அதையே தெலுங்கில் சொல்கிறான். காற்றின் மணமே மாறிவிட்டதாக மனம் நினைத்துக்கொள்கிறது. பெரும்பாலோர் காபியைக் குடித்துவிட்டு மேலே பிரயாணம் செய்வார்கள். எங்களைப் போன்ற சிலர் மூட்டை முடிச்சுகளுடன் அங்கேயே இறங்கிவிடுவோம். நாங்கள் சித்தூர், திருப்பதிப் பக்கத்துத் தமிழர்கள்.

சித்தூர் என்பது சிற்றூர் என்னும் சொல்லின் மருவு என்பார்கள். சிறிய ஊர் என்பதையே தன் பெயராகக் கொண்டு, அதற்காக வெட்கப்படாமல் இருந்துவரும் ஊர் அது. மும்பையில் என் ஊர்ப் பெயரைச் சொன்னால், ராணி பத்மினியின் கோட்டையைப் பற்றி விசாரிக்காதவர் குறைவு. அந்தச் சித்தோர் ராஜஸ்தானத்தில் இருக்கிறது. எங்கள் சித்தூரில் கோட்டையும் இல்லை, ராணியும் இல்லை. மாம்பழ மண்டியும் வெல்ல மண்டியும் உண்டு. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அதன் ஜனத்தொகை ஒன்றரை லட்சத்துக்குச் சற்று மேல். அதே ஆண்டில் சென்னை நகரின் ஜனத்தொகை 46 லட்சத்துக்கு மேல்.

பெருநகரில் வாழ்பவனுடைய மனம் ஏன் எப்போதும் இரண்டுபட்டு நிற்கிறது என்பதை இன்று சிறிது ஆராயலாம் என்று நினைக்கிறேன். நகரத்தைப் பழிக்காத நகரவாசி கிடையாது. அதை விட்டுப் போகிறவனும் கிடையாது. ஊரைப் புகழாதவன் கிடையாது. அங்கே போய்ப் பத்து நாள் தங்குகிறவனும் கிடையாது. இது எல்லாருக்கும் பொதுவான நிலைதான். ஆனால் சித்தூர்ப் பக்கத்துத் தமிழருக்கு இதில் ஒரு முடிச்சு அதிகமாக விழுந்திருக்கிறது. அவர்கள் நகரத்துக்குப் போனார்கள் என்பதோடு கதை முடியவில்லை. அவர்களுடைய நகரமே ஒரு நாள் அவர்களை விட்டுப் போய்விட்டது.

ஊரைப் பிரிந்து வருந்துவது தமிழுக்குப் புதிய பொருள் அன்று. அகநானூற்றில் மாமூலனார் முதலிய புலவர்கள், பொருள் தேடி வடக்கே சென்ற தலைவனை நினைத்து வருந்தும் தலைவியைப் பாடுகிறார்கள். அவன் எவ்வழியாகப் போனான்? வேங்கடத்தைக் கடந்து போனான். புல்லி என்னும் தலைவனுக்கு உரியது அந்த மலை. அதற்கு அப்பால் மொழி வேறாகிவிடும் என்று அப்பாடல்கள் கூறுகின்றன. தொல்காப்பியத்தின் பாயிரமும் வேங்கடத்தையே தமிழின் வட எல்லையாக வைக்கிறது. ஆக, இன்று மும்பையிலும் தில்லியிலும் கல்கத்தாவிலும் இருந்துகொண்டு ஊரை நினைக்கும் தமிழன், 2000 ஆண்டுகளுக்கு முன் தலைவன் கடந்து சென்ற அதே வாயிலைத்தான் கடந்து சென்றிருக்கிறான். எங்கள் மூதாதையரோ அந்த வாயிற்படியிலேயே குடியிருந்தவர்கள். வாயிற்படியில் குடியிருப்பவனை உள்ளே இருப்பவன் என்பதா, வெளியே இருப்பவன் என்பதா? இந்தக் கேள்விக்கு அரசாங்கம் பல முறை பல விதமாக விடை சொல்லியிருக்கிறது.

சித்தூர் நெடுங்காலம் வட ஆர்க்காட்டு ஜில்லாவின் தலைமையிடமாக இருந்தது. 1911-ல் வட ஆர்க்காட்டின் ஒரு பகுதியையும், கடப்பை ஜில்லாவிலிருந்து மதனப்பள்ளி முதலிய பகுதிகளையும், சில ஜமீன்களையும் சேர்த்துச் சித்தூர் ஜில்லாவை அமைத்தார்கள். தமிழும் தெலுங்கும் ஒரே சந்தையில் உட்கார்ந்து வியாபாரம் செய்யும் ஜில்லா அது. வீட்டில் கேழ்வரகுக் களி, தெருவில் அதுவே சங்கடி. தமிழ்நாட்டில் கிளிமூக்கு என்று சொல்லும் மாம்பழம் எங்கள் மண்டியில் பெங்களூரா. ஊருக்குள் ஓடும் ஆறு எங்களுக்கு நீவா. எல்லை தாண்டிய பிறகு அதன் பெயர் பொன்னை. கடைசியில் பாலாற்றில் போய்ச் சேர்கிறது. தகப்பனாரைத் தெலுங்கர், தமிழர் இரு சாராருமே 'நைனா' என்று அழைப்பார்கள். நானும் அப்படித்தான் அழைத்தேன்.

இந்த ஜில்லாவுக்குப் பெருநகரம் என்றால் அது சென்னைதான். சித்தூரிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர்; திருப்பதியிலிருந்தும் அவ்வளவே. கல்லூரிப் படிப்பு, ஹைக்கோர்ட்டு வழக்கு, பெரிய ஆஸ்பத்திரி, சினிமா, சங்கீதக் கச்சேரி ஆகிய எல்லாவற்றுக்கும் சென்னைக்கே ரயில் ஏற வேண்டும். திருத்தணியில் பிறந்து, திருப்பதியிலும் வேலூரிலும் படித்து, பின்பு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்குச் சென்றவர்தாம் பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான டாக்டர் ராதாகிருஷ்ணன். சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை காஞ்சிபுரம் நாயனா பிள்ளையிடம் இசை பயின்று, தெலுங்குக் கீர்த்தனங்களைப் பாடிப் பெயர் பெற்று, மதுரை சோமுவுக்குக் குருவானார். பெயருக்கு முன்னால் சித்தூரை ஒட்டவைத்துக்கொண்ட நாகையா, 1945-ல் வெளிவந்த 'மீரா' படத்தில் எம். எஸ். சுப்புலட்சுமியுடன் ராணாவாக நடித்ததை நேயர்கள் அறிவார்கள். போக்குவரத்து ஒருவழிப்பட்டதும் அன்று. புரட்டாசி மாதத்தில் சென்னையிலிருந்து திருக்குடைகள் யானைக்கவுனியைத் தாண்டித் திருமலைக்குப் போகின்றன. எலும்பு முறிந்தவர்களோ புத்தூருக்கு வந்தார்கள்; இன்றும் தமிழ்நாட்டு நகரங்களில் 'புத்தூர் கட்டு' என்ற பலகைகளைக் காணலாம்.

என் தகப்பனார் 1949-ல் சென்னையில் கல்லூரியில் சேர்ந்தார். திருவல்லிக்கேணியில் ஓர் அறையில் நான்கு பேராக வாசம். அந்நான்கு ஆண்டுகளைப் பற்றி அவர் வாழ்நாள் முழுவதும் பேசினார். டிராம் வண்டியைப் பற்றியும், கடற்கரை மணலைப் பற்றியும், மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய புத்தகங்களைப் பற்றியும் பேசுவார். அறையில் மூட்டைப்பூச்சிகள் இருந்ததையும், ஓட்டல் சாப்பாடு வயிற்றைக் கெடுத்ததையும், ஊர்க்கிணற்றுத் தண்ணீருக்கு ஏங்கி அழுததையும் மிகவும் நெருக்கிக் கேட்டால்தான் சொல்லுவார். 1953 ஏப்ரலில் சென்னையில் டிராம் ஓட்டம் நின்றது. அதே கோடையில் அவர் படிப்பை முடித்து, சித்தூர்க் கோர்ட்டில் குமாஸ்தா வேலைக்கு வந்து சேர்ந்தார். ஒன்றிரண்டு ஆண்டுகளில் மாற்றல் வாங்கிக்கொண்டு சென்னைக்கே திரும்பிவிடலாம் என்பது அவர் எண்ணம்.

அவர் எண்ணியது நடக்கவில்லை. பொட்டி ஸ்ரீராமுலு சென்னையிலேயே உண்ணாவிரதம் இருந்து 1952 டிசம்பரில் உயிர் நீத்தார். 1953 அக்டோபர் 1-ந் தேதி ஆந்திர ராஜ்யம் பிறந்தது. சித்தூர் ஜில்லா அதில் சேர்ந்தது. சென்னை நகரம் சேரவில்லை. சென்னை யாருக்கு என்ற வழக்கு அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே மூண்டிருந்தது. ஜவாஹர்லால் நேரு, வல்லபபாய் படேல், பட்டாபி சீதாராமய்யா ஆகிய மூவர் அடங்கிய குழு, சென்னை மீதுள்ள உரிமையை விட்டுக்கொடுத்தால்தான் ஆந்திரம் அமையலாம் என்று 1949-லேயே கூறிவிட்டது. தமிழர் பக்கத்தில் ம. பொ. சிவஞானம் தலைநகருக்காகவும் வட எல்லைக்காகவும் கிளர்ச்சி செய்தார். தெலுங்கருக்கு இதில் இருந்த வருத்தத்தை நாம் மறந்துவிடலாகாது. அவர்களும் தலைமுறை தலைமுறையாகச் சென்னையில் படித்து, பத்திரிகை நடத்தி, வீடு கட்டி வாழ்ந்தவர்களே. புதிய தலைநகரமான கர்நூலில் சில காரியாலயங்கள் கூடாரங்களில் நடந்தன. சென்னையின் செங்கல் கட்டடங்களிலிருந்து கூடாரத்துக்குப் போன ஒரு குமாஸ்தாவின் மனநிலையை எண்ணிப் பார்த்தால், அவர் தமிழரா தெலுங்கரா என்ற கேள்வி நமக்கு எழாது.

என் தகப்பனார் எந்தக் கிளர்ச்சியிலும் சேரவில்லை. நடந்த மாறுதலை அவர் உறைகளின் மேல் எழுதும் விலாசத்திலிருந்து தெரிந்துகொண்டார். மேல்முறையீட்டுக் கட்டுகளைச் சென்னை ஹைக்கோர்ட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர், 1954-லிருந்து குண்டூர் என்று எழுதினார். 1956 நவம்பரில் ஆந்திரப் பிரதேசம் அமைந்ததும் ஹைதராபாத் என்று எழுதினார். ஓய்வு பெறும்வரை அதுவே விலாசம். இப்போது அமராவதி. ஒரு மனிதனின் ஆயுட்காலத்துக்குள், சித்தூர் ஓர் அங்குலமும் நகராமலே, சென்னை, கர்நூல், ஹைதராபாத், அமராவதி என்று நான்கு தலைநகரங்களைப் பார்த்துவிட்டது. இவற்றுள் சென்னை ஒன்றே ரயிலேறி மாலைக்குள் திரும்பி வரக்கூடிய தூரத்தில் இருந்தது என்பதுதான் வேடிக்கை.

என் தாயாருடைய கதை இன்னும் விசித்திரமானது. அவர் பிறந்தது திருத்தணிக்கு அருகில் ஒரு கிராமம். 1956-ல் கலியாணமாகிச் சித்தூருக்கு வந்தபோது இரண்டு ஊரும் ஒரே ஜில்லா. படாஸ்கரின் தீர்ப்பை ஒட்டி 1960 ஏப்ரல் 1-ந் தேதி திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குத் திரும்பிற்று. ஈடாகச் செங்கற்பட்டு, சேலம் ஜில்லாக்களிலிருந்து சில கிராமங்கள் ஆந்திரத்துக்குப் போயின. பிறந்த வீடு ஒரு ராஜ்யம், புகுந்த வீடு வேறொரு ராஜ்யம். "நான் எங்கும் போகவில்லை, என்னைச் சுற்றிக் கோடு போட்டுவிட்டுப் போய்விட்டார்கள்" என்று அவர் சொல்வதுண்டு. தம்பி மகளின் சீமந்தத்துக்குப் போவதற்கு முன் பஸ் எந்த சர்க்காருடையது என்று விசாரிக்க வேண்டியிருந்ததை அவர் கடைசிவரை சிரித்துக்கொண்டே சொல்லுவார். சிரிப்புக்குள் இருந்ததை நாங்கள் கேட்டதில்லை.

கோடுகள் மனிதருக்குத்தான். சென்னை வானொலி நிலையம் 1938 ஜூன் 16-ந் தேதி தொடங்கியது. அதன் அலைகளைத் தடுக்க நகரி மலையில் யாரும் சுவர் எழுப்பவில்லை. 1953-க்குப் பிறகு என் தகப்பனாருக்குச் சென்னை என்பது மாலையில் கூடத்து அலமாரியிலிருந்து கேட்கும் ஒரு குரலாயிற்று. தண்ணீரும் கோட்டை மதிப்பதில்லை. எங்கள் ஜில்லாவின் மலைகளில் பெய்யும் மழை நகரி ஆறாக ஓடிக் கொசஸ்தலை ஆற்றில் கலந்து, 1944-ல் கட்டிய பூண்டி நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. அங்கிருந்து சென்னையின் குழாய்களுக்குச் செல்கிறது. 1996 முதல் கண்டலேறுவிலிருந்து கால்வாய் வழியாகக் கிருஷ்ணா நீரும் அதே பூண்டிக்கு வருகிறது. புத்தூரிலிருந்தும் நகரியிலிருந்தும் பிழைக்கப் போய்ச் சென்னையின் குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு, 'எங்கள் ஊர்த் தண்ணீரைப் போல் வராது' என்று சலித்துக்கொள்பவர், பல நாட்களில் தம் ஊர்த் தண்ணீரையே குடித்துக்கொண்டிருக்கிறார்.

சரி, பெருநகரம் நமக்கு என்னதான் செய்கிறது? 1903-ல் ஜெர்மானிய அறிஞர் கியோர்க் ஸிம்மல் இதைப் பற்றி ஓர் அரிய கட்டுரை எழுதினார். நகரத்தில் கண்ணையும் காதையும் ஓயாமல் தாக்கும் காட்சிகளிலிருந்தும் ஓசைகளிலிருந்தும் தன்னைக் காத்துக்கொள்ள, நகரவாசி உணர்ச்சிக்குப் பதில் அறிவை முன்னே நிறுத்துகிறான். எதைக் கண்டும் அசையாத ஒரு மரத்த தன்மையைப் போர்வையாகப் போட்டுக்கொள்கிறான் என்பது அவர் கருத்து. அதே போர்வைதான் அவனுக்கு விடுதலையையும் தருகிறது என்றும் அவர் சொன்னார். சிற்றூரில் எல்லாரும் எல்லாரையும் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். நகரில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. பார்ப்பாரில்லாதது ஒரு துன்பம். பார்ப்பாரில்லாததே ஓர் இன்பம். 1981-ல் நான் மும்பைக்குச் சென்றபோது, மாதுங்காவில் முதல் ஆறு மாதம் இந்தத் துன்பத்தில் வாடினேன். ஏழாவது மாதம் இன்பம் தெரிந்துவிட்டது. நான் இன்னாருடைய மகன், இன்ன தெரு என்று அறிந்தவர் ஒருவரும் அங்கே இல்லை.

இந்த விடுதலை எல்லாருக்கும் ஒரே அளவுடையதன்று. என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் கோலாரிலிருந்து வந்தவர். 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே தங்கச் சுரங்கங்களைத் தோண்டியபோது, வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் ஆயிரக்கணக்கான தமிழர்கள் சுரங்க வேலைக்குச் சென்றார்கள். அவர்களிற் பெரும்பாலோர் ஊரின் ஒதுக்குப்புறத்தில் தள்ளிவைக்கப்பட்டிருந்த மக்கள். பூமிக்கடியில் உயிரைப் பணயம் வைக்கும் வேலைதான். ஆனாலும் கூலி கையில் வந்தது, குனிந்து நிற்க வேண்டியதில்லை. நான் ஒரு நாள் ஊர் நினைவில் உருகிப் பேசிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டிருந்த நண்பர், "உங்களுக்கு ஊர் நினைவு வருகிறது, சார். என் பாட்டனாருக்குச் சேரி நினைவுதான் வரும். அவர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்" என்றார். அதன்பிறகு அவர் முன்னிலையில் நான் ஊரைப் புகழ்வதைக் குறைத்துக்கொண்டேன். 2001-ல் அந்தச் சுரங்கங்கள் மூடப்பட்டன. அவருடைய உறவினர் பலர் அங்கிருந்து அதிகாலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்பலானார்கள். அவருக்கும் ஊர் ஏக்கம் உண்டு. அது கோலாரின் சுரங்கச் சங்கொலியைப் பற்றியது.

ஊர் ஏக்கத்தை ஐரோப்பியர் ஒரு காலத்தில் நோய் என்றே கருதினார்கள். 1688-ல் பாஸல் நகரத்து மருத்துவ மாணவர் யொஹானஸ் ஹோஃபர் என்பவர், அந்நிய நாடுகளில் வேலை செய்த ஸ்விட்ஸர்லாந்து நாட்டவர்கள் ஊரை நினைத்து நினைத்து உடல் மெலிவதைக் கண்டு, வீடு திரும்புதல், வலி என்னும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து அதற்கு ஒரு பெயர் வைத்தார். ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவதே சிறந்த மருந்து என்றும் எழுதினார். நூறு ஆண்டுகளுக்குப் பின் தத்துவ ஞானி கான்ட் இந்த மருந்தின் குறையைக் கண்டுபிடித்தார். அப்படித் திரும்பிப் போகிறவர்கள் ஏமாற்றமடைகிறார்கள். ஏனெனில் அவர்கள் தேடியது இடத்தையன்று, இளமையை என்றார். ரயில் டிக்கட்டு இடத்துக்குத்தான் கிடைக்கும்.

இதைச் சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்கள் திருப்பதிக்குப் போகலாம். என் சிறு வயதில் திருப்பதி, கோவிந்தராஜர் கோபுரத்தைச் சுற்றிய சில தெருக்கள். அதற்கும் முன்பு, 1944-ல் மலைப்பாதை போடுகிறவரையில், அலிபிரியிலிருந்து படியேறி நடந்தோ டோலியிலோதான் மேலே போக வேண்டும். 1954-ல் ஸ்ரீ வெங்கடேசுவரா சர்வகலாசாலை ஏற்பட்டது. 1974-ல் இரண்டாவது மலைப்பாதை. 2011-ல் நகரின் ஜனத்தொகை மூன்று லட்சத்தை நெருங்கியிருந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி ஜில்லாவின் தலைநகராகவும் ஆகிவிட்டது. இன்று மேம்பாலத்தில் நின்று பார்த்தால் மலை மட்டும்தான் பழைய இடத்தில் இருக்கிறது. ஊரை விட்டுப் பெருநகரம் போனவர்கள் திரும்பி வந்து, இங்கேயும் ஒரு பெருநகரத்தையே காண்கிறார்கள். அங்கேயே இருந்தவர்களும் ஏங்குகிறார்கள். எங்கும் போகாமலே ஊரை இழந்துவிட்ட ஏக்கம் அது. திருப்பதியில் கடை வைத்திருக்கும் என் மைத்துனர், "நீங்கள் பம்பாயிலிருந்து ஊரை நினைக்கிறீர்கள், நான் ஊரிலிருந்தே ஊரை நினைக்கிறேன்" என்பார்.

இவ்வளவும் மன உணர்ச்சியைப் பற்றிய பேச்சு. இதற்குள் கணக்கு ஒன்றும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் பேச்சு பாதியாகும்.

தொடக்கப் பள்ளியில் தாய்மொழியில் கற்கும் வசதி சிறுபான்மை மொழியினருக்கு வேண்டும் என்று 1956-ல் அரசியல் சட்டத்தில் 350-அ என்னும் பிரிவைச் சேர்த்தார்கள். அதற்கு முன்பே, 1949-ல் மாகாணக் கல்வி மந்திரிகளின் மகாநாட்டில் ஓர் அளவு வகுத்திருந்தார்கள். பள்ளி முழுவதிலும் 40 பிள்ளைகளோ, ஒரு வகுப்பில் 10 பிள்ளைகளோ அந்த மொழியைப் பேசுகிறவர்களாக இருந்தால் ஆசிரியர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்பது அந்த அளவு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரு குடும்பம் பிழைப்புக்காகப் பெங்களூருக்கோ சென்னைக்கோ போகும்போது, இரண்டு பிள்ளைகள் அந்தப் பத்திலிருந்து குறைகிறார்கள். இன்னொரு குடும்பம் பிள்ளையை இங்கிலீஷ் பள்ளிக்கு மாற்றுகிறது, ஒன்பது எட்டாகிறது. வகுப்பை மூட யாரும் உத்தரவு போட வேண்டியதில்லை. போனவர்கள் தங்கள் பெட்டிகளோடு இருந்தவர்களுடைய எழுத்தையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அவ்வாறு போனவர்களில் நானும் ஒருவன். என் அண்ணாவின் மகன் தமிழ் வகுப்பில் சேர வேண்டிய வயதில் அந்த வகுப்பு இல்லை. தெருவில் எல்லாரும் தமிழ் பேசினார்கள். பலகையில் தமிழ் இல்லை. திருமலையில் நூற்றுக்கணக்கான கல்வெட்டுகள் உண்டு. அவற்றில் மிகப் பெரும்பாலானவை தமிழ். பல்லவ அரசி சாமவை 966-ல் வெள்ளித் திருமேனி அளித்த செய்தியும் அங்கே கல்லில் இருக்கிறது. அந்தச் சுவரை ஒட்டித் தமிழ் பேசிக்கொண்டே வரிசையில் நகரும் உள்ளூர்ப் பிள்ளைகளில், அதன் பக்கத்தில் எழுதியிருக்கும் இன்றைய தமிழ் அறிவிப்பையும் எழுத்துக் கூட்ட முடியாதவர்கள் உண்டு. மும்பையில் வளர்ந்த என் மகன் நிலையும் அதுவே. அவன் படித்தது இங்கிலீஷும் ஹிந்தியும் மராத்தியும்.

குப்பத்தில் 1997-ல் தொடங்கிய திராவிடப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த் துறை இருக்கிறது. பட்டப் படிப்புக்கு மேல் வழி இருக்கிறது. முதற்படி மட்டும் தேய்ந்துபோயிற்று.

சென்ற ஆண்டு அண்ணா எனக்குத் தொலைபேசியில் பேசினார். "தம்பி, எனக்குக் கண் மங்கிவிட்டது. பிள்ளை பெங்களூருக்கு வரச் சொல்கிறான். வீட்டை விற்றுவிடலாமா? உன் கையெழுத்து வேண்டும்" என்றார். நான் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்த வீட்டில் ஆண்டுக்கு ஒரு வாரம்கூடத் தங்கியதில்லை. இருந்தும் அந்தக் கேள்வியைக் கேட்டதும் அன்று முழுவதும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வீட்டை விற்கக் கூடாது என்று சொல்ல எனக்கு என்ன நியாயம் இருக்கிறது? இடிந்த ஓட்டை மாற்றியவர் அவர், கிணற்றைத் தூர் வாரியவர் அவர், பெற்றோருக்குக் கடைசிக் காலத்தில் கஞ்சி கொடுத்தவர் அவர். நான் செய்ததெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தது.

கையெழுத்துப் போடுவதற்காக மகனையும் அழைத்துக்கொண்டு போனேன். பரணைக் காலி செய்தபோது, தகப்பனாருடைய தடித்த கணக்கு நோட்டு ஒன்று அகப்பட்டது. முதற்பாதியில் மாமரக் குத்தகை, நெல் அளவு, கொடுத்த கடன், வாங்கிய கடன். பிற்பாதியில், பக்கங்களைத் தலைகீழாகத் திருப்பி, நெருக்கி நெருக்கித் தமிழில் ஏதோ எழுதியிருந்தார். அண்ணாவால் பார்க்க முடியவில்லை. பெங்களூரிலிருந்து வந்திருந்த அவர் மகன் நோட்டை வாங்கிப் புரட்டிவிட்டு என் மகனிடம் கொடுத்தான். என் மகன் புரட்டிவிட்டு அவனிடமே திருப்பிக் கொடுத்தான். இருவரும் தமிழில்தான் பேசிக்கொண்டார்கள். "உனக்குத் தெரியுமா?" "தெரியாது, உனக்கு?" என்று கேட்டுக்கொண்டதும் தமிழ்தான்.

பத்திரப் பதிவைச் சில மாதங்களுக்கு ஒத்திவைக்கலாம் என்று அண்ணாவே சொன்னார். வீட்டை வைத்துக்கொள்வதென்று நாங்கள் முடிவு செய்துவிடவில்லை. ஓட்டுச் சார்ப்பு அடுத்த மழைக்குத் தாங்குமா என்பது சந்தேகமே. இப்போது ஞாயிறுதோறும் மாலையில் நான் மும்பையிலிருந்து தொலைபேசியில் அந்த நோட்டைப் படிக்கிறேன். பெங்களூரில் அண்ணாவின் மகன் தெலுங்கு எழுத்தில் எழுதிக்கொள்கிறான். என் மகன் பக்கத்தில் உட்கார்ந்து தேவநாகரியில் எழுதிக்கொள்கிறான். சித்தூரில் அண்ணா கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார். நைனாவின் கையெழுத்து விளங்காத இடத்தில் அண்ணாவே சொல்லை எடுத்துக் கொடுத்துவிடுகிறார். நாற்பது பக்கம் ஆகியிருக்கிறது. சென்ற வாரம் 1953-க்கு வந்தோம். கடைசி நாள் ஓடிய டிராமில் ஏறுவதற்காகப் பாரிமுனையில் கூட்டத்தில் நின்று, இடம் கிடைக்காமல் திருவல்லிக்கேணிக்கு நடந்தே திரும்பியதை எழுதியிருக்கிறார்.

"சித்தப்பா, டிராம் என்றால் ரயிலா, பஸ்ஸா?" என்று கேட்டான் அண்ணாவின் மகன். நான் விளக்க முற்படுவதற்குள், "தெருவிலேயே ஓடுகிற ரயில், கண்ணா. நைனா என்னைத் தோளில் வைத்துக்கொண்டு எவ்வளவோ முறை சொல்லியிருக்கிறார், நான்தான் கேட்டுக்கொள்ளவில்லை. மேலே படி, தம்பி" என்றார் அண்ணா.